பழைய எஸ் கிளாஸும் 23 பிழைக் குறியீடுகளும்

கேள்வி: ஐயா, 2001இல் தயாரான மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் 320 பெட்ரோல் கார் ஒன்றை மூன்றாவது உரிமையாளராக இரண்டு ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். காலையில் பார்த்தால் முன் இடது மூலை தரையோடு படிந்து கிடக்கிறது. ஸ்டார்ட் செய்தால் எழும்புகிறது, ஆனால் முன்பு போல வேகமாக எழும்புவதில்லை. நீண்ட தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு உடனே எடுத்தால் என்ஜின் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் கழித்துப் பிடிக்கிறது. ஒருமுறை ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது. சில நாள்களில் கியர் இரண்டாவதிலேயே நின்றுவிடுகிறது. வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு மறுபடி எடுத்தால் சரியாகிறது. ஒரு வாரம் எடுக்காமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. பணிமனையில் ஸ்கேனர் மாட்டி 23 பிழைக் குறியீடுகளை அச்சிட்டுக் கொடுத்தார்கள். சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றால் வண்டியைத் தாங்கும் நான்கு ஏர் ஸ்ட்ரட், அவற்றுக்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸர், கியர்பாக்ஸின் கண்ட்ரோல் யூனிட், பேட்டரி, ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமாம். எங்கிருந்து தொடங்குவது? விற்றுவிடுவதே மேலா?

பதில்: நீங்கள் அனுப்பிய அச்சுத்தாளைவிட உங்கள் கடிதம்தான் எனக்கு அதிகம் உதவியது. எந்த மூலை இறங்குகிறது, எந்தச் சூட்டில் என்ஜின் அணைகிறது, எத்தனை நாளில் பேட்டரி தீர்கிறது என்று கடிதம் சொல்கிறது. தாளில் அவை எதுவும் இல்லை. கண்ட்ரோல் யூனிட் என்ற சிறு கணினி, தன் பார்வைக்கு எட்டியதை மட்டும் எழுதிவைக்கும் ஒரு கணக்குப்பிள்ளை. கம்ப்ரஸர் நெடுநேரம் ஓடியும் உயரம் கூடவில்லை என்றால் அது கம்ப்ரஸரின் பேரில் ஒரு குறியீட்டைப் பதிந்துவிடும். காற்று எங்கே வெளியேறுகிறது என்பது அதற்குத் தெரியாது. அந்தத் தாளைப் பார்த்து, பெயர் வந்த பாகங்களையெல்லாம் மாற்றச் சொல்வது, புகார் கொடுத்தவர்களையெல்லாம் பிடித்து உள்ளே வைப்பதற்குச் சமம்.

உங்கள் வண்டி 1998 முதல் 2005 வரை தயாரான டபிள்யூ 220 தலைமுறையைச் சேர்ந்தது. அதில் என்ஜினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, சஸ்பென்ஷனுக்கு ஒன்று, ஒவ்வொரு கதவுக்கும் ஒன்று என்று எண்ணற்ற கண்ட்ரோல் யூனிட்டுகள் பொதுவான தகவல் கம்பிகளில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. பேட்டரி பலவீனமாக இருக்கும் காலையில் ஸ்டார்ட்டர் சுழலும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தால், அந்த ஒரு கணத்தில் இவை ஒவ்வொன்றும் மற்றவற்றின் குரல் கேட்கவில்லை என்று குறித்துவைக்கும். உங்கள் தாளில் உள்ள 23 குறியீடுகளில் பதினான்கு குறைந்த மின்னழுத்தத்தையோ தகவல் தொடர்பு அறுந்ததையோ சொல்பவை; எண்ணிப் பார்த்தேன். ஆகவே முதலில் அந்தத் தாளைப் பத்திரப்படுத்திவிட்டு, பேட்டரியை வெளிச் சார்ஜர் கொண்டு முழுமையாக ஏற்றி, குறியீடுகளை அழித்து, மூன்று நாள் ஓட்டிய பிறகு மீண்டும் படிக்கச் சொல்லுங்கள். திரும்பி வருபவற்றை மட்டும் பேசலாம்.

பேட்டரி டிக்கியில் இருக்கிறது. வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவைத்துவிட்டு அதன் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். என்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் காட்டினால் உங்கள் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. அதை மாற்றச் சொன்னவரிடம் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுழலும் நேரத்தில் 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியோ கேபிள் இணைப்போ சரியில்லை. இந்த மூன்று அளவுகளுக்கும் பத்து நிமிடம் போதும்.

ஒரு வாரத்தில் பேட்டரி தீர்ந்துவிடுகிறது என்பதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. இந்த வண்டியில் உள்ள பேட்டரி ஏறத்தாழ 100 ஆம்பியர் மணி கொள்ளளவு கொண்டது. வண்டி நன்றாக உறங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அது நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணி, பல வாரங்களுக்குத் தாங்கும். அரை ஆம்பியர் கசிந்தால் நாளொன்றுக்கு 12, ஏழு நாளில் 84 ஆம்பியர் மணி போய்விடும். ஆகவே உங்கள் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் கசிவு அரை ஆம்பியரை ஒட்டி இருக்கும்; பேட்டரி பாதி செத்திருந்தால் அதில் பாதிக் கசிவே போதும். புதுப் பேட்டரி போட்டால் ஒரு வாரம் பத்து நாளாகும், அவ்வளவுதான்.

கசிவை அளக்கும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். பேட்டரி கேபிளைக் கழற்றி நடுவில் மீட்டரைச் சொருகினால், எல்லா யூனிட்டுகளும் விழித்துக்கொண்டு புதிதாகக் கண்சிமிட்டத் தொடங்கும்; அந்த அளவு எதற்கும் உதவாது. மில்லி ஆம்பியர் வரை காட்டக்கூடிய கிளாம்ப் மீட்டரை எர்த் கேபிளைச் சுற்றி மாட்டுங்கள். டிக்கியையும் ஓட்டுநர் கதவையும் திறந்தே வைத்து, அவற்றின் பூட்டு நாக்கை ஒரு திருப்புளியால் தள்ளி மூடியதுபோல் ஏமாற்றுங்கள். பிறகு வண்டியைப் பூட்டி, சாவியை எட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருங்கள். மீட்டரில் எண் படிப்படியாக இறங்கும். எங்கேனும் ஒரு படியில் நின்றுவிட்டால் ஏதோ ஒன்று உறங்கவில்லை என்று பொருள். இப்போதும் ஃப்யூஸைப் பிடுங்கக் கூடாது. ஃப்யூஸின் தலையில் இரண்டு பொட்டு உலோகம் தெரியும். மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொட்டால், மின்னோட்டம் செல்லாத ஃப்யூஸ் பூச்சியம் காட்டும், செல்லும் ஃப்யூஸ் ஒரு சிறு எண் காட்டும். பெட்டி பெட்டியாக இப்படித் தொட்டுக்கொண்டே போனால் திருடன் எந்தச் சந்தில் இருக்கிறான் என்பது தெரிந்துவிடும். இந்த வண்டியில் ஃப்யூஸ் பெட்டிகள் ஓரிடத்தில் மட்டும் இல்லை என்பதால் பொறுமை வேண்டும்.

நான் முதலில் சந்தேகிப்பது ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரஸரை இயக்கி நிறுத்தும் மின்சுவிட்சான ரிலேயை. அதன் தொடுமுனைகள் கருகி ஒட்டிக்கொண்டால், சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். வண்டியைப் பூட்டிவிட்டு முன் பம்பரின் அருகே காதை வைத்துக் கேளுங்கள். முனகல் கேட்டால், பேட்டரி தீர்வதற்கும் கம்ப்ரஸர் களைத்துப்போனதற்கும் ஒரே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். கேட்கவில்லை என்றால் பழைய உரிமையாளர் விட்டுச்சென்ற தொலைபேசிக் கருவி, பிற்காலத்தில் யாரோ சேர்த்த அலாரம், பின்னால் ஒட்டவைத்த ஒலிபெருக்கி ஆகியவற்றைத் தேடுங்கள். தொழிற்சாலையில் பொருத்தியவற்றைவிடப் பிறகு சேர்த்தவைதான் என் அனுபவத்தில் அதிகம் உறக்கம் கெடுத்திருக்கின்றன.

எர்த் இணைப்புகளை மறந்துவிட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய ஜெர்மன் செடான் என்னிடம் வந்தது. ஏபிஎஸ் விளக்கு எரிகிறது, கண்ணாடித் துடைப்பான் தானாக ஓடுகிறது, ஸ்டீரியோ தானாக அணைகிறது என்று மூன்று புகார்கள். எனக்கு முன் பார்த்தவர்கள் சக்கரச் சென்சார்கள் நான்கையும் மாற்றி, ஏபிஎஸ் யூனிட்டையும் பழுதுபார்க்க அனுப்பியிருந்தார்கள். நான் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் முனையிலும் மறுமுனையை டாஷ்போர்டின் கீழ் உள்ள எர்த் கம்பியிலும் வைத்து, எல்லா விளக்குகளையும் போடச் சொன்னேன். 0.1 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாத இடத்தில் 1.8 வோல்ட் வந்தது. கால்வைக்கும் இடத்தின் தரைவிரிப்பைத் தூக்கினால் அடியில் உள்ள பஞ்சு ஊறிப்போன ரொட்டியைப் போல இருந்தது. எர்த் போல்ட்டின் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. கண்ணாடிக்குக் கீழே உள்ள நீர்வடிகாலில் இலைச் சருகு அடைத்து, மழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. சருகை எடுத்து, போல்ட்டைக் கழற்றி உலோகம் மின்னும்வரை தேய்த்து மாட்டியதும் மூன்று புகாரும் போயின. உங்கள் வண்டியிலும் நான்கு கால்வைப்பு இடங்களையும் கையால் அழுத்திப் பாருங்கள். கூரைக் கண்ணாடியைத் திறந்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றினால், அது வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் எங்கே போகிறது என்பதைத் தேடுவது உங்கள் அடுத்த வேலை.

என்ஜின் அணைவதைப் பற்றி. மற்றவை பொறுக்கும், இது பொறுக்காது. ஓடும் வண்டியில் என்ஜின் நின்றால் ஸ்டீரிங் கனத்துவிடும், பிரேக்கும் இரண்டொரு முறைக்குப் பின் இறுகிவிடும். ஆகையால் இதைச் சரிசெய்யும்வரை நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம். சூடாக இருந்தால் பிடிக்காது, ஆறினால் பிடிக்கும் என்ற உங்கள் வர்ணனை, எம் 112 என்று அழைக்கப்படும் இந்த வி6 என்ஜினில் பெரும்பாலும் என்ஜினின் சுழற்சியைக் கவனித்துச் சொல்லும் கிராங்க் ஷாஃப்ட் சென்சாரையே காட்டும். அது என்ஜினின் பின்புறம், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில், ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும் சிறு பொருள். உள்ளே உள்ள மெல்லிய கம்பிச்சுருள் சூட்டில் விரிந்து இணைப்பு அறுந்துவிடும், ஆறியதும் மீண்டும் சேர்ந்துகொள்ளும். குளிர்ந்த நிலையில் மின்தடையை அளந்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும் என்பதுதான் இதன் தந்திரம். பல நேரங்களில் குறியீடும் பதிவாகாது.

சோதிக்கும் முறை எளிது. அடுத்த முறை பிடிக்காதபோது ஸ்டார்ட்டரைச் சுழற்றிக்கொண்டே சுழற்சிமானியின் முள்ளைப் பாருங்கள். முள் கொஞ்சமும் அசையாமல் கிடந்தால் சென்சாரிடமிருந்து செய்தி வரவில்லை. ஸ்கேனரில் நேரடித் தரவைப் பார்த்தாலும் சுழற்சி எண் பூச்சியமாகவே நிற்கும். சென்சாரின் மேல் கொஞ்சம் குளிர்ந்த நீரை ஊற்றி, உடனே பிடித்துக்கொண்டால் இன்னும் உறுதி. முள் அசைந்தும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் மட்டும் எரிபொருள் பக்கம் போக வேண்டும். இந்த என்ஜினுக்கு எரிபொருள் அழுத்தம் ஏறத்தாழ 3.8 பார் இருக்க வேண்டும். சென்சாரை மாற்றும்போது தெரிந்த உற்பத்தியாளரின் பாகத்தையே வாங்குங்கள். பெயர் தெரியாத மலிவுச் சென்சார் போட்டு மூன்றே மாதத்தில் அதே கதையோடு திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பானெட்டைத் திறந்திருக்கும்போதே, முன்னால் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லி ஆடாமல் சுழல்கிறதா என்பதையும் கவனியுங்கள். அதன் நடுவில் உள்ள ரப்பர் வளையம் விட்டுப்போவது இந்த என்ஜின் குடும்பத்தின் பரம்பரை நோய். விட்டுப்போனால் வெளிவளையம் கழன்று பக்கத்தில் உள்ளவற்றைக் கிழித்துவிடும்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்டது பாதி உண்மையாக இருக்கலாம், ஆனால் அந்தப் பாதிக்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. உங்களுடையது 722.6 என்ற ஐந்து கியர் பெட்டி. அதில் ஏதேனும் தகவல் பிறழ்ந்தால், பற்சக்கரங்களைக் காப்பாற்றுவதற்காக இரண்டாவது கியரிலும் ரிவர்ஸிலும் மட்டும் இயங்கும் நொண்டி நிலைக்குப் போய்விடும். அணைத்துப் போட்டதும் சரியாவது, பிழை நிலையானதல்ல, வந்து போவது என்பதைக் காட்டுகிறது. கிளட்சுத் தட்டுகள் தேய்ந்த பெட்டி சாவியைத் திருப்பியதும் குணமாகிவிடாது. எனவே பெட்டியின் இயந்திரப் பகுதி பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது.

இந்தப் பெட்டியின் பக்கவாட்டில் 13 முனைகள் கொண்ட மின் சொருகி ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி ஓ-ரிங் எனப்படும் இரண்டு ரப்பர் வளையங்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அவை இறுகி, கியர் ஆயில் சொருகிக்குள் கசிகிறது. கசிந்த ஆயில் அங்கேயே நிற்பதில்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, கம்பியின் பிளாஸ்டிக் உறைக்குள் இழை இழையாக ஏறி, மறுமுனையில் உள்ள கண்ட்ரோல் யூனிட்டின் சொருகிக்கே போய்ச் சேர்ந்துவிடும். முதன்முதலில் நான் அதைப் பார்த்தபோது, பெட்டிக்கு இவ்வளவு தொலைவில் இந்த ஆயில் எப்படி வந்தது என்று யோசித்தபடி அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். ஆகவே யூனிட்டை மாற்ற ஒப்புக்கொள்ளும் முன், அதன் சொருகியை உங்கள் கண்ணெதிரே கழற்றச் சொல்லுங்கள். வெள்ளைக் காகிதத்தின் முனையைச் சுருட்டி முனைகளுக்கு இடையே விட்டு எடுங்கள். காகிதம் சிவப்பாகவோ பழுப்பாகவோ நனைந்து வந்தால், பெட்டிப் பக்கத்துச் சொருகி உறையை மாற்றி, மேலே உள்ள முனைகளை மின்தொடர்புத் துப்புரவுத் திரவத்தால் கழுவினால் பல வண்டிகளில் தொல்லை தீர்ந்துவிடுகிறது. சில வாரம் கழித்து ஒருமுறை மீண்டும் கழுவ வேண்டியிருக்கும். உறைக்குள் தங்கியுள்ள ஆயில் முழுவதும் ஒரே நாளில் வடிந்துவிடாது.

காகிதம் உலர்ந்து வந்தால், அடுத்த சந்தேகம் பெட்டிக்குள் இருக்கும் மின்தகடு. அதில் சுழல்வேகத்தை அளக்கும் இரண்டு சென்சார்கள் பதிந்திருக்கின்றன. சூட்டில் அவை தடுமாறும். ஆயில் தட்டைக் கழற்றினால் எட்டிவிடும் பாகம் அது. உங்கள் தலைமுறைப் பெட்டியில் கண்ட்ரோல் யூனிட் தனியாக இருப்பதால், தகடு மாற்றிய பிறகு மென்பொருளில் பதிவுசெய்யும் கோடிங் எதுவும் தேவையில்லை. பிற்கால ஏழு கியர் பெட்டியில் தகடும் யூனிட்டும் ஒன்றாகிவிட்டதால் அது வேறு கதை. யாராவது உங்களிடம் கோடிங் கட்டணம் கேட்டால் இந்த வேறுபாட்டை நினைவுபடுத்துங்கள். தட்டைக் கழற்றும்போதே ஃபில்டரையும் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். ஆயுள் முழுவதற்கும் ஒரே ஆயில் போதும் என்று தொடக்கத்தில் சொன்ன காலம் ஒன்று உண்டு. யாருடைய ஆயுள் என்பதைத்தான் சொல்லவில்லை. மெர்சிடிஸின் 236 வரிசை ஒப்புதல்களில் உங்கள் பெட்டிக்கு உரியதைத் தவிர வேறு ஆயில் வேண்டாம். அளவை 80 டிகிரிச் சூட்டில், அதற்கென்றே உள்ள அளவுகோலை விட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் குழாயில் நிரந்தரமாக ஒரு கோல் இருக்காது.

இனி காற்று. நான்கு ஸ்ட்ரட்டுகளையும் மாற்றச் சொன்னதுதான் அந்தப் பட்டியலிலேயே கனமான வரி. ஒரு மூலை மட்டும் இறங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கும்போது மற்ற மூன்றையும் ஏன் தொட வேண்டும்? முதலில் ஒரு டேப்பை எடுத்து, சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதுங்கள். வண்டி சமதரையில், முழு உயரத்தில், அணைத்த நிலையில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் காலை கதவைத் திறக்கும் முன் ஒருமுறை மீண்டும் அளங்கள். மூன்று இரவுகள் இப்படி எழுதினால், எந்த மூலை எவ்வளவு மில்லிமீட்டர் இறங்குகிறது என்பது எந்த ஸ்கேனரும் காட்டாத தெளிவோடு உங்கள் கையில் இருக்கும். ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்த ஸ்ட்ரட், அதன் குழாய், அல்லது மூலைகளுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் வால்வு பிளாக்கில் அதற்குரிய வழி. நான்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இறங்கினால் வால்வு பிளாக்கின் பக்கம் பாருங்கள்.

மூலை தெரிந்த பிறகு சோப்பு நீர். பாத்திரம் கழுவும் திரவத்தில் கொஞ்சம் எடுத்து நீரில் கலந்து, தெளிப்பானில் நிரப்பி, ஸ்ட்ரட்டின் தலையில் குழாய் சேரும் இடத்திலும் காற்றை அடக்கிவைக்கும் ரப்பர் பையான பெல்லோவின் மடிப்புகளிலும் வால்வு பிளாக்கின் இணைப்புகளிலும் அடித்துவிட்டுக் காத்திருங்கள். பெரிய குமிழி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஓர் இரவில் மூலையைச் சாய்க்கும் கசிவு, கடுகளவு நுரைப்பொட்டுகளாக, மோர் புளித்துப் பொங்குவதுபோல மெல்ல எழும். வண்டியை உயர்நிலையில் ஒருமுறையும் வழக்கமான நிலையில் ஒருமுறையும் பார்க்க வேண்டும், ஏனெனில் பெல்லோவின் ஒரு மடிப்பு ஒரு நிலையில் மூடிக்கொண்டு மறுநிலையில் திறந்துகொள்ளும். இரவின் குளிரில் ரப்பர் இறுகிக் கசிந்து, பகல் சூட்டில் இளகி அடைத்துக்கொள்ளும் ஸ்ட்ரட்டுகளும் உண்டு. பட்டப்பகலில் பணிமனையில் சோதித்து, கசிவே இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் வண்டிகள் இவைதான். இந்தச் சோதனை முழுவதிலும் வண்டி ஜாக்கி ஸ்டாண்டின் மேல் நிற்க வேண்டும். காற்றை மட்டும் நம்பி நிற்கும் வண்டிக்கு அடியில் கையைக்கூட விடக் கூடாது.

கசிவது குழாய் இணைப்பு என்றால் ஒரு சிறு பொருத்தியோடு போயிற்று. பெல்லோ என்றால் அந்த ஸ்ட்ரட்டை மாற்றியாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன வண்டியில் முன் இரண்டும் ஒரே வயதினவாக இருந்தால், இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். பின் இரண்டையும் உங்கள் டேப் சொல்லட்டும். பிரித்தெடுத்த பழைய ஸ்ட்ரட்டை வாங்காதீர்கள். ரப்பர் ஓடிய தூரத்தால் மட்டுமல்ல, கழிந்த ஆண்டுகளாலும் சாகிறது. ஏர் ஸ்ட்ரட்டுகளை எடுத்துவிட்டுச் சாதாரணச் சுருள்வில் போடும் மாற்றுத் தொகுப்புகளைப் பற்றியும் உங்களுக்கு யாராவது சொல்வார்கள். அவை வேலை செய்யும். ஆனால் இந்த வண்டியை வண்டியாக்குவது அந்த மிதப்புதான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு கனத்த பழைய செடான். இதை என் விருப்பமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஸரை எப்போது மாற்றுவது என்றால், கசிவை அடைத்த பிறகு. கசியும் மூலையை நிரப்ப அது ஒவ்வொரு காலையும் வேண்டியதைவிடப் பல மடங்கு ஓடுகிறது. உள்ளே உள்ள பிஸ்டன் வளையம் தேய்கிறது, ஈரம் உறிஞ்சும் குருணைகள் நிறைந்துபோகின்றன, சூடு கூடினால் கண்ட்ரோல் யூனிட் அதை நிறுத்திவிடுகிறது. மெதுவாக எழும்புகிறது என்று நீங்கள் எழுதியது இந்தக் களைப்பைத்தான். கசிவை அடைக்காமல் புதியதை மாட்டினால் அதுவும் இதே வழியில் போகும். அடைத்த பிறகு, முழுவதும் இறங்கிய நிலையிலிருந்து வழக்கமான உயரத்திற்கு எழ எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். அப்போதும் தாமதித்தால் கம்ப்ரஸரையும் அதனுடன் ரிலேயையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுக் கம்ப்ரஸருக்குப் பழைய ரிலேயை விட்டுவைப்பது கட்டிய வீட்டுக்குக் கரையான் பிடித்த கதவை மாட்டுவது போன்றது. மூலை முழுவதும் படிந்த நிலையில் மட்டும் வண்டியை நகர்த்த வேண்டாம். மடிந்த பெல்லோ தன் மடிப்பிலேயே கிழிந்துவிடும்.

ஆக, வரிசை இது: கிராங்க் சென்சார், பேட்டரியும் மின்கசிவும், கியர்பாக்ஸ் சொருகி, பிறகு காற்று. இடையில் பேட்டரியைக் கழற்றி மாட்ட நேர்ந்தால், ஸ்டீரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒருமுறை திருப்புங்கள். இல்லையென்றால் வண்டி வழுக்காமல் காக்கும் இஎஸ்பியின் விளக்கு எரிந்து உங்கள் பட்டியலில் 24ஆவது குறியீடு சேரும்.

ஒவ்வொரு மாடலுக்கும் இப்படி ஒரு பரம்பரை நோய் உண்டு என்பதை உங்களைப் போன்ற மற்ற வாசகர்களும் மனத்தில் வைக்கலாம். முதல் தலைமுறை லெக்சஸ் எல்எஸ் 400இல் பவர் ஸ்டீரிங் பம்ப் ஆல்டர்னேட்டருக்கு நேர் மேலே இருப்பதால், பம்பின் கசிவு ஆல்டர்னேட்டரைக் கொல்லும். கசிவை நிறுத்தாமல் ஆல்டர்னேட்டரை மட்டும் மாற்றுபவர் அடுத்த ஆண்டும் மாற்றுவார். 1990களின் பிஎம்டபிள்யூ 5, 7 வரிசைகளில் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்தும் குளிர்நீர்த் தொட்டியும் ஆண்டுகளில் நொறுங்கிவிடும்; சூடேறிய பிறகு சிலிண்டர் தலைக்காக அழுவதைவிட அவற்றை முன்கூட்டி மாற்றிவிடுவது நல்லது. ஜாகுவாரின் வி8 என்ஜின்களில் தொடக்ககால டைமிங் சங்கிலி இறுக்கிகள் பிளாஸ்டிக் உடல் கொண்டவை. அவை வெடித்தால் சங்கிலி தாண்டிவிடும். 1990களின் முதற்பாதியில் வந்த பல மெர்சிடிஸ்களில் என்ஜின் வயரிங்கின் உறை சூட்டில் பொடிப்பொடியாக உதிரும். அந்த வண்டிகளில் சென்சார் மாற்றும் முன் கம்பியை மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும்.

விற்பதா வைத்திருப்பதா என்ற கேள்விக்கு, டாஷ்போர்டில் எரியும் விளக்குகளை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஜாக்கி வைக்கும் இடங்கள், சக்கர வளைவுகளின் உள்விளிம்பு, கதவுகளின் அடிமடிப்பு, பிரேக் குழாய்கள் ஆகியவற்றை ஒரு மழுங்கிய திருப்புளியால் தட்டிப் பாருங்கள். இந்தத் தலைமுறைக்குத் துரு ஒரு பலவீனம்தான். தட்டும்போது உலோகத்தின் ஒலி வராமல் மந்தமாக ஒலித்தாலோ, திருப்புளி உள்ளே இறங்கினாலோ, மேற்சொன்ன செலவுகள் எதையும் செய்யாமல் உண்மையைச் சொல்லி விற்றுவிடுங்கள். உடல் திடமாக இருந்து, ஆறு சிலிண்டர்களிலும் அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவில் வந்தால், உங்களிடம் இருப்பது ஒரு சென்சார், ஒரு சொருகி, ஒரு ரிலே, ஒன்றோ இரண்டோ ஸ்ட்ரட் ஆகியவற்றால் சீராகக்கூடிய வண்டி.

மூன்று இரவுகளின் உயர அளவுகள், முக்கால் மணி நேரத்திற்குப் பின் கிளாம்ப் மீட்டர் காட்டிய மின்னோட்டம், மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்த குறியீடுகள், கியர்பாக்ஸ் சொருகியில் விட்ட காகிதத்தின் நிறம் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். அவற்றைப் பார்த்த பிறகு எந்த ஸ்ட்ரட், எந்த எண்ணுள்ள பாகம் என்பதைச் சொல்கிறேன்; அதுவரை எதற்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.